ஒரு பாட்டு, மூன்று அறைகள்: மூத்த ப்ளூஸ் கலைஞர்களின் தொகுப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் மூத்த கலைஞர் ஒருவரின் வாழ்நாள் தொகுப்பைப் புதிய ஆல்பத்துக்குப் போடுவதுபோல நட்சத்திரம் போட்டு மதிப்பிடக் கூடாது என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை ஏற்றும் மறுத்தும் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இந்தப் பகுதி முழுவதையும் நிரப்பப் போதுமானவையாக இருப்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கே: பாடல்கள் ஏற்கெனவே புகழ்பெற்றவை. அவை நல்ல பாடல்கள் என்று மீண்டும் ஒருவர் சொல்ல வேண்டிய தேவையில்லை. அப்படியிருக்க, தொகுப்பு ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர் எதைத்தான் மதிப்பிடுகிறார்?

ப: ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் நன்றாகப் பாடினாரா என்று இன்றைக்கு உட்கார்ந்து யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, அதில் தங்களோடு உடன்படுகிறேன். ஆனால் தொகுப்பு என்பது பாடியவரின் வேலை மட்டும் அன்று. எந்தப் பாடலை எடுப்பது, எதை விடுவது, எதன் பின்னால் எதை வைப்பது என்று முடிவு செய்த தொகுப்பாளர் ஒருவர் இருக்கிறார். தேய்ந்த இசைத்தட்டிலிருந்தும் பழைய நாடாவிலிருந்தும் ஒலியை மீட்டெடுத்த பொறியாளர் இருக்கிறார். உடன்வரும் சிறுநூலை எழுதியவரும் இருக்கிறார். தொகுப்பில் புதிதாகச் செய்யப்பட்டிருப்பது இவர்கள் வேலைதான். விமர்சகர் முதலில் பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

இந்த வேலையை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: தொகுப்பைக் கேட்டு முடிக்கும்போது அந்தக் கலைஞரின் வாழ்க்கையில் காலம் நகர்ந்தது காதில் விழுகிறதா, இல்லையா?

இதை ஒரே ஒரு பாட்டை வைத்து விளக்கலாம். 1941 ஆகஸ்டில் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்ய மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றார்கள். அங்கே ஸ்டோவல் என்னும் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்ற இளைஞர், தம் குடிசையிலேயே உட்கார்ந்து 'ஐ பீஸ் ட்ரபிள்ட்' என்ற பாட்டைத் தனியாகப் பாடினார். அவர்தான் பின்னாளில் மடி வாட்டர்ஸ் என்று அறியப்பட்டவர். 1943இல் அவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். 1948இல் கையில் மின்கிதாரும் பக்கத்தில் பிக் கிராஃபோர்டின் பெரிய பாஸ் வாத்தியமுமாக அதே பாட்டைப் பாடினார். இந்தத் தடவை தட்டில் அச்சான பெயர் 'ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைட்'. மூன்றாவது தடவை, கிதார் கலைஞர் ஜானி வின்டர் தயாரித்து 1977இல் வெளியான 'ஹார்ட் அகெய்ன்' ஆல்பத்துக்காக, அறுபதைத் தாண்டிய வயதில் பாடினார். ஒரே பாட்டுத்தான், ஆனால் குடிசையில் ஒருவர் தமக்குத்தாமே பாடிக்கொள்வதுபோல ஒலித்தது, நகரத்தில் இரைச்சலுக்கு மேலே எழும்ப வேண்டிய குரலாக மாறி, கடைசியில் இழந்தது எதையும் மறைக்காத, அதே சமயம் அவசரமே இல்லாத ஒரு முதியவரின் குரலாக வந்து நிற்கிறது. இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு, தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த இலட்சக்கணக்கான கறுப்பின மக்களின் வரலாற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, கடைக்குப் போய் 'மடி வாட்டர்ஸ் தொகுப்பு' என்று ஒன்றை எடுத்தால் அதில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. முதற்பதிவு நூலகத்துக்காகச் செய்யப்பட்டது, இரண்டாவது பின்னாளில் செஸ் என்று பெயர் மாறிய அரிஸ்டோக்ராட் நிறுவனத்துக்காக, மூன்றாவது ப்ளூ ஸ்கை என்ற வேறொரு நிறுவனத்துக்காக. உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் தங்களிடம் இருப்பதை மட்டும் தொகுத்து, அதை ஒரு முழு வாழ்க்கை என்று அட்டையில் அச்சிட்டுவிடுகிறார்கள். 2001இல் வெளிவந்த செஸ் தொகுப்பு ஒன்று 'தி ஆந்தாலஜி: 1947–1972' என்று தலைப்பிலேயே எல்லையைச் சொல்லிவிட்டது, அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். எல்லையைச் சொல்லாத தொகுப்புகளில் விடுபட்ட ஆண்டுகளைக் கண்டுபிடித்து வாசகருக்குச் சொல்வது விமர்சகரின் கடமை.

கே: பாடல்களைக் கால வரிசையில் அடுக்குவதுதான் முறை என்று சொல்ல வருகிறீர்களா?

ப: இல்லை. காலம் காதில் விழ வேண்டும் என்றேன். அதற்கு ஆண்டு வரிசை ஒன்றுதான் வழி என்பதில்லை. 1958இல் செஸ் வெளியிட்ட 'தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்' நீள் இசைத்தட்டில் பன்னிரண்டு பாடல்கள் இருக்கின்றன. அது தொடங்குவது 1954இல் வந்த பாட்டில். முழுக் குழுவும் லிட்டில் வால்டரின் ஹார்மோனிகாவும் சேர்ந்து முழங்கும் காலம் அது. எல்லாவற்றிலும் பழையதான 1948ஆம் ஆண்டின் 'ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைட்' தட்டின் கடைசிப் பாட்டாக வைக்கப்பட்டிருக்கிறது. பியானோ, டிரம்ஸ், ஹார்மோனிகா என்று நிறைந்திருந்த அறை காலியாகி, ஒரு கிதாரும் ஒரு பாஸும் மட்டும் மிஞ்சும் அந்தக் கட்டத்தில், இவ்வளவும் எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பது சட்டென்று விளங்குகிறது. வரிசையைப் புரட்டி வைத்ததனால் விளைந்த பலன் இது. ஒற்றைத் தட்டில் இப்படி அடுக்குவது அழகு. நூறு பாடல்கள் கொண்ட பெட்டித் தொகுப்பில் இதையே செய்தால் கேட்பவர் வழி தவறிவிடுவார். அங்கே கால வரிசையே நல்லது.

கே: கலைஞர் முதுமையில் தம் பழைய பாடல்களைத் தாமே மீண்டும் பாடி வெளியிடும் ஆல்பங்களை என்னால் ஏற்க முடியவில்லை. முதற்பதிவு இருக்கும்போது இரண்டாம் பதிவு எதற்கு? இது வணிகம் அல்லவா?

ப: வணிகமும் உண்டு. பழைய பதிவுகளின் உரிமை கலைஞரிடம் இல்லாதபோது, அதே பாடல்களை மலிவாகப் புதிதாகப் பாட வைத்து, அவைதான் புகழ்பெற்ற பதிவுகள் என்று வாங்குபவர் நினைக்கும்படி விற்கும் தொகுப்புகள் ஏராளம். பின்னட்டையின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் 'மறுபதிவு' என்று இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. இப்படிப்பட்டவற்றை விமர்சனத்தில் பெயர் சொல்லி எச்சரிப்பதில் தயக்கமே கூடாது.

ஆனால் இரண்டாம் பதிவு என்றாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ப்ளூஸ் மரபில் 'முதற்பதிவு' என்ற சொல்லே கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. ப்ளூஸ் பாடகரும் கிதார் கலைஞருமான பி. பி. கிங்கின் புகழ் உச்சிக்குப் போகக் காரணமான 'தி த்ரில் இஸ் கான்' 1951இலேயே ராய் ஹாக்கின்ஸ் பாடி வெளியான பாட்டு. கிங் அதை 1969இல் பதிவு செய்தபோது தயாரிப்பாளர் பில் சிம்சிக், வயலின்கள் சேர்ந்த பின்னணியை அதன்மேல் ஏற்றினார். கிதாரின் ஒவ்வொரு சுரமும் அந்தக் குளிர்ந்த பின்னணியில் தனித்து நிற்பதனால்தான் அந்தப் பதிவு இன்றும் நம்மை நிறுத்திக் கேட்க வைக்கிறது. வேறொருவர் பாடிய பாட்டை எடுத்துத் தமதாக்கிக்கொள்வது ஒரு ப்ளூஸ் கலைஞருக்கு இயல்பு என்றால், தாமே முன்பு பாடியதை எடுத்துப் புதிதாக்கிக்கொள்வது எப்படித் தவறாகும்?

'ஹார்ட் அகெய்ன்' ஆல்பத்தின் 'மேனிஷ் பாய்' பாட்டை 1955இன் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழையது மூன்று நிமிடத் தட்டுக்கு அளந்து வெட்டப்பட்டது. வாத்தியங்கள் ஒரே சொற்றொடரை அடித்துவிட்டு நிற்க, அந்த இடைவெளிக்குள் குரல் நுழைந்து வெளியேறும். புதியது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. குழுவினர் ஒரே அறையில் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். பின்னாலிருந்து ஜானி வின்டர் அடக்க முடியாமல் கூச்சலிடுவது தெளிவாகக் கேட்கிறது. அந்தக் கூச்சலைப் பிற்பாடு துடைத்துவிடாமல் விட்டதுதான் ஒரு நல்ல தயாரிப்பாளரின் தீர்ப்பு என்பேன், தயாரிப்பாளரும் அவரே என்றாலும். நடுவயதில் தம் ஆண்மையைப் பறைசாற்றிய ஒரு பாட்டை அறுபது கடந்தவர் பாடும்போது, அதே சொற்களில் வேறு பொருள் ஏறிவிடுகிறது. அதைப் பழைய தட்டு தந்திருக்க முடியாது.

மூத்த ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கரின் 1989ஆம் ஆண்டு ஆல்பமான 'தி ஹீலர்' பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. விருந்தினர் பட்டியல் நீளமானது. கிதார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவோடு வரும் தலைப்புப் பாட்டில் ஹூக்கரே ஒரு விருந்தாளிபோல ஒலிக்கிறார். ஆனால் அவர் 1951இல் பாடிய 'ஐம் இன் தி மூட்' பாட்டை இளைய தலைமுறைப் பாடகி பானி ரெயிட்டோடு சேர்ந்து பாடும்போது அவர் ஓர் அங்குலம்கூட இடம்பெயரவில்லை. ரெயிட்தான் தம் ஸ்லைடு கிதாரோடு (தந்திகள்மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) அவர் இருக்கும் இடத்துக்கு வருகிறார். அந்தப் பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்ததில் நியாயம் இருந்தது. மூத்தவரும் இளையவரும் இணையும் எந்தப் பாட்டிலும், யார் யாரை நோக்கி நகர்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே உங்கள் விமர்சனத்துக்கான விடை இருக்கும்.

கே: ஒரே பாட்டை மறுபடி மறுபடி பாடிப் பதிவு செய்த இரண்டு மூன்று மாற்றுப் பதிவுகளைத் திணித்து 'முழுத் தொகுப்பு' என்று விற்பது கேட்பவருக்குச் சலிப்பூட்டுகிறதே?

ப: சலிப்பு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அவை வைக்கப்பட்ட இடம். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அந்தோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் பதிவு செய்தவை மொத்தம் 29 பாடல்கள். அடுத்த ஆண்டே தமது 27ஆம் வயதில் இறந்துவிட்டார். 1990இல் வந்த 'தி கம்ப்ளீட் ரெக்கார்டிங்ஸ்' இரண்டு குறுந்தட்டுகளில் 41 பதிவுகளைத் தந்தது. மாற்றுப் பதிவுகளைத் தனியே பின்னால் வைக்காமல் மூலப் பதிவை அடுத்தே வைத்துவிட்டார்கள். ஆய்வாளருக்கு அது வசதி. மாலையில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க உட்காருகிறவருக்கு, ஒரே பாட்டு மறுபடியும் தொடங்குவது இடையூறுதான்.

ஆனாலும் மாற்றுப் பதிவுகள் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதே ஜான்சனின் 'கம் ஆன் இன் மை கிச்சன்' பாட்டுக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன. அவர் காலத்தில் தட்டாக வெளிவந்தது சற்று வேகமான இரண்டாவது பதிவு. மெதுவான முதற்பதிவு, அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்பு, 1961இன் நீள் இசைத்தட்டில்தான் வெளிவந்தது. அதில் ஓரிடத்தில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டு, காற்று ஊளையிடுவது கேட்கிறதா என்று தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலக் கேட்கிறார். கிதாரின் மேல்தந்தி மெலிதாக ஒருமுறை அழுது அதற்குப் பதில் சொல்கிறது. நிறுவனம் அன்று ஒதுக்கி வைத்த பதிவு அது! இதைக் கேட்ட பிறகு, ஒதுக்கப்பட்டவை எல்லாம் குப்பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கே: பழைய பதிவுகளின் கரகரப்பை முற்றிலும் நீக்கித் தரும் தொகுப்பே சிறந்தது என்று நண்பர் வாதிடுகிறார். எனக்கோ அப்படிச் சுத்தம் செய்தவை உயிரற்று ஒலிக்கின்றன. யார் சொல்வது சரி?

ப: உங்கள் காதை நம்புங்கள். கரகரப்பும் இசையும் ஒரே அலைவரிசைகளில் கலந்து கிடப்பவை. ஒன்றை மட்டும் தனியே உரித்தெடுக்க முடியாது. ஹூக்கர் 1948இல் டெட்ராய்ட்டில் பதிவு செய்த 'பூகி சில்லன்' பாட்டில் டிரம்ஸ் கிடையாது, பாஸ் கிடையாது. ஒரு மின்கிதார், ஒரு குரல், தரையைத் தட்டும் அவருடைய பாதம், அவ்வளவே. நல்ல பிரதியில் அந்தப் பாதத்தின் தட்டலோடு பலகையின் அதிர்வும், அது அறைக்குள் பரவி அடங்குவதும் கேட்கும். அளவுக்கு மீறிச் சுத்தம் செய்த பிரதியில் யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல ஒரு மொட்டை ஓசை மட்டும் மிஞ்சும். எந்தத் தொகுப்பு கைக்கு வந்தாலும் நான் முதலில் கவனிப்பது பாட்டு முடியும் கடைசி நொடியைத்தான். கடைசிச் சுரம் மெல்லத் தேய்ந்து மறைந்தால் பொறியாளர் பொறுமையாக வேலை செய்திருக்கிறார். கத்தரித்ததுபோல ஓசை திடீரென்று அறுந்தால், பாட்டின் நடுவிலும் அதே கத்தரி ஓடியிருக்கிறது என்று பொருள்.

உங்கள் நண்பர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. தொடக்ககால ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனின் பதிவுகளை வெளியிட்ட பாராமவுன்ட் இசைத்தட்டு நிறுவனம், விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலி நிறுவனம் ஒன்றின் கிளை. மலிவான அரக்குக் கலவையில் அச்சான அந்தத் தட்டுகள் புதிதாக இருந்தபோதே இரைந்தன. மூல அச்சுகள் இன்று இல்லை. எஞ்சியிருப்பவை பலர் வீட்டில் தேய்ந்த சில பிரதிகளே. அங்கே ஓரளவு சுத்தம் செய்யாமல் சொற்களே பிடிபடாது. 2001இல் ரெவனன்ட் நிறுவனம் பேட்டனுக்காக ஏழு குறுந்தட்டுகளில் கொண்டுவந்த தொகுப்பில் இரைச்சல் இருக்கிறது. ஆனால் அந்த இரைச்சலுக்குப் பின்னால் பேட்டனின் கரடுமுரடான குரலும், கிதாரின் உடலைக் கைவிரலால் தட்டும் ஓசையும் முழு உருவோடு நிற்கின்றன. விமர்சகர் எதிர்பார்க்க வேண்டிய அளவு அதுதான்.

கே: பாடல் வரிகளின் மொழி முழுவதும் புரியாதவர் ப்ளூஸ் தொகுப்புக்கு விமர்சனம் எழுதலாமா?

ப: எழுதலாம், வரிகளைத் தேடிப் படித்த பிறகு. பெரும்பாலான ப்ளூஸ் பாடல்களில் முதல் வரி இரண்டு தடவை வரும், மூன்றாவது வரி அதற்கு விடையாக வரும். முதல் வரியைத் திரும்பப் பாடும்போது பாடகர் எந்தச் சொல்லை இழுக்கிறார், எதை விழுங்குகிறார் என்பதைக் கவனித்தாலே பாதி பொருள் வந்துவிடும். மீதிக்கு உழைக்க வேண்டும். குறிப்பாக இரட்டைப் பொருள் கொண்ட சொற்களுக்கு.

கே: தோல்வியடைந்த ஆல்பங்களிலிருந்தும் பாடல்களைச் சேர்ப்பது கலைஞரின் பெயருக்கு இழுக்கு இல்லையா?

ப: மடி வாட்டர்ஸின் 1968ஆம் ஆண்டு ஆல்பமான 'எலக்ட்ரிக் மட்' அன்றைய ப்ளூஸ் விமர்சகர்களிடம் கடுமையான வசையை வாங்கியது, அவருக்கே அது பிடிக்கவில்லை. பிற்காலத்தில் சக் டி போன்ற ஹிப்ஹாப் கலைஞர்கள் அந்த ஆல்பத்தைக் கொண்டாடினார்கள். எனக்கு இன்றும் அது பிடிக்காது. ஆனாலும் அதிலிருந்து ஒரு பாட்டுக்கூட இல்லாத தொகுப்பு, எல்லாப் பக்கங்களும் இருக்கின்றன என்று சொல்லிக் கொடுத்த நாட்குறிப்பில் ஓர் ஆண்டைக் கிழித்ததுபோல இருக்கும். இழுக்கு என்றால் வேறொன்றைச் சொல்வேன்: பாட்டை இயற்றியவரின் பெயரைச் சரியாகப் போடாமல் விடுவது. பிறர் பாடிப் பெயர் பெற்ற பாடல்களை எழுதிய வில்லி டிக்ஸன் தமக்குரிய பெயருக்கும் பணத்துக்கும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. சிறுநூலில் இயற்றியவர், வாசித்தவர், பதிவான இடம், நாள் ஆகியவை இல்லாத தொகுப்பை, ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

கே: எண்பது வயதைக் கடந்த ஒருவரின் குரலில் குறை சொல்வது மரியாதைதானா? வாழ்நாள் சாதனைக்கு வணக்கம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது அல்லவா பண்பு?

ப: வணக்கம் சொல்வது விழா மேடைக்குப் போதும். காசு கொடுத்து வாங்கப் போகிற வாசகருக்கும், இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கலைஞருக்கும் அது போதாது. எண்பது வயதில் ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறார் என்றால், தம்மை இன்னும் பாடகராகவே கேட்கச் சொல்கிறார். கருணையோடு கேட்கச் சொல்லவில்லை. ஆகவே குரல் எங்கே எட்டவில்லை என்று சொல்லுங்கள். அந்த எட்டாமையை அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் இசையை விட்டு விலகியிருந்த ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் 1964இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டபோது, தம் பழைய பாடல்களையே அவர் மறந்திருந்தார். ஆலன் வில்சன் என்ற இளைஞர் பழைய பதிவுகளைக் கேட்டுக் கற்றிருந்ததை அவருக்கே வாசித்துக் காட்டி நினைவூட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வெளியான அவருடைய ஆல்பத்தில் விரல்களின் வேகம் குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே அவர் கிதாரே இல்லாமல், வெறும் கைத்தட்டலோடு பாடும் பாடல்களில் குறை சொல்ல ஒரு சொல்கூட என்னிடம் இல்லை.

பி. பி. கிங் 2008இல், 82 வயதில் வெளியிட்ட 'ஒன் கைண்ட் ஃபேவர்' ஆல்பத்தை இதே கண்ணோட்டத்தோடு கேட்டுப் பாருங்கள். தம் புகழ்பெற்ற பாடல்களை அவர் அதில் திரும்பப் பாடவில்லை. தாம் இளைஞராக இருந்தபோது கேட்டு வளர்ந்த பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், லானி ஜான்சன் போன்றோரின் பாடல்களுக்குத் திரும்பிப் போகிறார். என் கல்லறையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று கேட்கும் ஜெஃபர்சனின் பாட்டில் ஆல்பம் தொடங்குகிறது. சில இடங்களில் குரல் சுரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறது. அதை எழுத வேண்டும். அப்படி நின்ற இடத்தில் கிதார் எழுந்து, குரல் விட்ட சொல்லை எடுத்து முடித்து வைக்கிறது. அதையும் எழுத வேண்டும்.